சுவிட்ச் இல்லாத விளக்கு

அவர் தம் வாடிக்கையாளர்களை அடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. அவரைப் பற்றி நான் நினைவில் வைத்திருக்கும் நல்லவை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடு பின்னிக் கிடக்கின்றன. பின்னால் சொன்னால் மறைத்துச் சொன்னதாக ஆகிவிடும்.

சின்னமனூரில் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. வயர்மேன் படிப்பு படித்தவர். வீடுகளுக்குச் சூரிய மின்சாரமும் பேட்டரியும் திட்டமிட்டு அமைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். பள்ளத்தாக்கு முழுவதும் அவரைச் சோலார் அக்கா என்றார்கள், எனக்கும் அக்காதான். நான் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மகளிர் குழுவில் இருக்கும் பெண்களின் பெயரிலேயே வீட்டுக்குச் சோலார் போட்டுக் கொடுக்கும் திட்டம் அது. அக்கா அளவெடுப்பார், நான் படிவம் நிரப்புவேன். மூன்று ஆண்டுகள் அவருடைய ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். படிப்பைக் குத்திக்காட்டி என்னை அவர் ‘எம்மே’ என்றே கூப்பிடுவார்.

நான் பார்த்த முதல் அறை வடுகபட்டியில் விழுந்தது. வாங்கியவர் ஒரு பூண்டு வியாபாரி. பேட்டரி நான்கே மாதத்தில் படுத்துவிட்டது, போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். அக்கா நேரே உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

“நாலு ஃபேனு, ஒரு டி.வி., ஆறு லைட்டு. வேற ஒண்ணுமே இல்லன்னு சொன்னீல்ல?”

“ஒத்த வேட்டிக்குத்தான்க்கா, சும்மா...”

அறை விழுந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “கிரைண்டரயும் சொல்லிருங்க. பெறகு அதுக்குத் தனியா வாங்காதீக.”

அதற்கும் வாங்கினார்.

திரும்பும் வழியில் என் கடமையைச் செய்தேன். “அக்கா, கை நீட்டுறது தப்பு. கேஸ் ஆகிப்போகும்.”

“பேட்டரிய நாலு மாசத்துல கொன்னானே, அது தப்பில்லையா எம்மே?”

“பேட்டரிக்கு உயிர் இல்லக்கா.”

“உனக்கு இல்ல. எனக்கு இருக்கு.”

பத்து நாள் கழித்து அதே வியாபாரி தன் மச்சானை அழைத்துக்கொண்டு அக்காவைத் தேடி வந்தார். மச்சான் வீட்டுக்கும் சோலார் வேண்டுமாம். அக்கா அடித்தாலும் அளவு தப்பாது என்று ஊரில் பேச்சு. அடியை மனிதர்கள் எவ்வளவு எளிதாகத் தரத்தின் முத்திரையாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பதை அன்று வியந்தேன். சில மாதங்களில் நானும் அதையே செய்தேன். பேட்டரி முனைகளை அக்கா முடுக்கிக்கொண்டிருந்தபோது, உலோக வளையல் போட்ட கையை நான் அதன் மேல் நீட்டிவிட்டேன். ஸ்பேனர் பிடித்த கையாலேயே என் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். வளையல் நெளிந்தது. அந்த வளையல் இரண்டு முனைகளையும் தொட்டிருந்தால் தோலோடு உருகி ஒட்டியிருக்கும் என்பது உண்மை. வலி மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் நன்றியோடு இருந்தேன் என்பதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

அவருடைய அளவெடுக்கும் முறையை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. மற்றவர்கள் வீட்டில் என்னென்ன சாதனம் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டு எழுதுவார்கள். அக்கா கேட்கமாட்டார். இருட்டத் தொடங்கும் நேரத்துக்குப் போவார். வீட்டார் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார். எதுவும் சொல்லாமல் மீட்டர் பெட்டிக்குப் போய் மெயினை இறக்கிவிடுவார். பிறகு, நடுவீட்டில் நின்று, யாருடைய கை எங்கே போகிறது என்று பார்ப்பார்.

“வாய்க்குப் பொய் சொல்லத் தெரியும். கைக்குத் தெரியாது. இருட்டுனதும் கை எதுக்குப் போகுதோ அதான் மொத லோடு. மத்ததெல்லாம் மினுக்கு.”

இளைப்பு நோய்க்காரப் பெரியவரின் கை மருந்து ஆவி பிடிக்கும் கருவிக்குப் போகும். கடைக்காரரின் கை பால் வைத்திருக்கும் ஃபிரிட்ஜின் கதவைப் போய் அழுத்தும். அதை முதல் தேவையாக நான் எழுதுவேன். அதன் பிறகே எத்தனை பேனல், எவ்வளவு பேட்டரி என்ற பேச்சு. பேட்டரி எதற்கு, கூரையில் பேனல் போட்டாலே போதாதா என்று பாதிப்பேர் கேட்பார்கள். பேட்டரி இல்லாத சோலார், ஊர்க்கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனியிலும் ஆடியிலும் மேகாத்து என்னும் மேற்குக் காற்று மலையிலிருந்து இறங்கி வாழைகளை முறித்து, மரக்கிளைகளைக் கம்பி மேல் போட்டு, ஊரையே இருட்டாக்கும்போதுதான் தெரியவரும்.

அந்தக் காற்றை அறியாத ஒருவன் சின்னமனூர் ஓரத்தில் ஒரு வீட்டுக்குப் பேனல்களை உயரமான ஒல்லிக் கால்களில் நிறுத்திக் கொடுத்திருந்தான். ஆடியில் ஒரு பேனல் கழன்று பறந்து, பக்கத்து வீட்டு முற்றத்தில், தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு ஒரு முழத்தில் விழுந்து நொறுங்கியது. அக்கா அவன் கடைக்குப் போய் முடியைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நொறுங்கிய கண்ணாடி மேல் அவனை முட்டிபோட வைத்தார். அவன் எழ முயன்றபோதெல்லாம் தோளில் மிதித்தார்.

“பிள்ளையப் பாரு. ஒரு முழம்டா. கையால அளந்து பாரு.”

அவன் அழுதுகொண்டே அளந்தான். வேட்டியில் ரத்தம் ஊறியது. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. நான் கைதட்டவில்லை, தடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் பள்ளத்தாக்கில் போட்ட ஒவ்வொரு பேனலையும் இறக்கிக் கட்டினான், கால்களுக்குக் கான்கிரீட் போட்டான். விளைவு நல்லது என்பதால் வழி நல்லதாகிவிடுமா என்று அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு விடை கிடைப்பதற்கு முன்பே அந்த வீடு வந்தது.

மார்க்கையன்கோட்டைப் பக்கம், வயலுக்கு நடுவில் தனி வீடு. ஊரில் நல்ல பெயர் எடுத்த மனிதன். எங்களுக்கு நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தான். “டி.வி.க்கும் ரெண்டு ஃபேனுக்கும் வந்தாப் போதும்க்கா. சின்னதாப் போடுங்க” என்றான். மனைவி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆறு வயதுப் பெண்பிள்ளை அவள் காலடியில் எழுதிக்கொண்டிருந்தது. அக்கா போய் மெயினை இறக்கினார்.

அவன் கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. மனைவியின் கை பாத்திரத்தை விட்டது. ஒரு கை பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கை பின்கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. சுவரோடு சுவராக, ஒருக்களித்து, காதை மறைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் குரல்கூட உயர்த்தவில்லை.

“என்னா, பேயா வந்துருச்சு?” என்று அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. மெயினை ஏற்றாமல் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கிணற்றடியில் அந்தப் பெண்ணிடம், அவள் புருவத்துத் தழும்பைக் காட்டிக் கேட்டார். “இது என்னாது?”

“வழுக்கி விழுந்துட்டேன்க்கா.”

“முழங்கையில?”

“அதுவும் வழுக்கித்தான்.”

“கரண்டு போனாத்தான் வழுக்குமோ?”

அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டின் சன்னல்கள் வாய்க்கால் பாதையைப் பார்த்திருந்தன. விளக்கு எரிந்தால் போகிறவர் வருகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியும். அவன் தன் நல்ல பெயரை இருட்டில் வைத்துக் காப்பாற்றி வந்தான். மின்வெட்டுக்காகக் காத்திருந்து அடித்தான்.

சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், நானே கூட வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

“ஊர்ல அவுகளுக்குத்தான் நல்ல பேரு. எனக்கு யாருக்கா சாட்சி சொல்லுவா?” என்றாள்.

அன்று இரவே அக்கா திட்டத்தை மாற்றினார். அவன் கேட்டதைப்போல இரண்டு மடங்கு பேட்டரி. நடுவீட்டிலும் அடுப்படியிலும் உத்தரத்துக்கு மேலே, கம்பிக்கூண்டுக்குள், ஒவ்வொரு விளக்கு. அவற்றுக்குச் சுவிட்ச் கிடையாது. ஊரில் மின்சாரம் நின்ற நொடியில் அவை தாமாக எரியும்.

“அணைக்கணும்னா பேட்டரிலருந்து வீட்டுக்குப் போற எம்.சி.பி.யத்தான் இறக்கணும்,” என்றார். அது மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் சிறு சுவிட்ச். “அத எறக்குனா எனக்குத் தெரிஞ்சுபோகும்.”

அவர் போட்ட ஒவ்வொரு இன்வெர்ட்டரிலும் சிம் கார்டு வைத்த ஒரு சிறு பெட்டி உண்டு. அந்த வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அது வாட் கணக்கில் அவர் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எம்.சி.பி. இறங்கினால் எண் பூஜ்யமாகிவிடும்.

“அவன் கோவம் கூடிப்போனா என்னக்கா பண்றது?” என்றேன்.

“கூடட்டும். இனிமே கூடுனா ஒருத்திக்காவது தெரியும்ல.”

படிவத்தில் தேவைக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘குழந்தையின் படிப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆனி மாதம், மாலை ஏழு மணி இருக்கும். சின்னமனூரில் டீக்கடையில் இருந்தோம். காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. அக்கா டீயை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அந்த வீட்டின் எண் நூற்றிச் சொச்சத்தில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யமானது.

“இறக்கிட்டான்” என்றார்.

பன்னிரண்டு நிமிடத்தில் அங்கே இருந்தோம். பேனல் கால்களுக்கு வாங்கியதில் மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று எப்போதும் வண்டியின் முன்பக்கம் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு கதவை உதைத்துத் திறந்தார். ஸ்கூட்டர் வெளிச்சத்தில் தெரிந்ததை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து அவள் தலையை ஆட்டுக்கல்லில் மோதிக்கொண்டிருந்தான். பிள்ளை கட்டிலுக்கு அடியில், வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு கிடந்தது.

அக்கா முதலில் அவனிடம் போகவில்லை. எம்.சி.பி.யிடம் போய் அதை மேலே தள்ளினார். கூண்டுக்குள் விளக்குகள் எரிந்தன. வாய்க்கால் பாதையில் போய்க்கொண்டிருந்த இருவர் நின்று உள்ளே பார்த்தார்கள்.

“இப்ப அடிடா” என்றார் அக்கா.

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினான். முதல் அடியில் மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கூந்தல் விடுபட்டது. அத்துடன் அவள் காப்பாற்றப்பட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா இன்னும் ஆறு முறை அடித்தார். நான் எண்ணினேன். தோள், முழங்கை, விலா. அவன் தரையில் ஊர்ந்தான், ஊர்ந்தவனையும் அடித்தார். “அக்கா, போதும், விடுங்க” என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் ரத்தம் வழியும் தலையோடு எழுந்துவந்து குழாயைப் பிடித்துத் தொங்கினாள்.

“ஆத்தா, போதும். செத்துருவாக.”

ஓங்கிய குழாய் அவள் தலைக்கு மேல் ஒரு கணம் நின்றது. அந்தக் கணம் அக்காவின் கண் அவளை அடையாளம் காணவில்லை. எவர் குறுக்கே வந்தாலும் இறங்கக்கூடிய கை அது. பின்பு குழாய் கீழே விழுந்தது. முதல் அடி யாருக்காக என்று எனக்குத் தெரியும். மற்ற ஆறும் யாருக்காக?

அவன் ஆட்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். கையில் கட்டோடு அவனும், தலையில் கட்டோடு அவளும் வந்து உட்கார்ந்தார்கள். அவனுக்கு எப்படி அடிபட்டது என்று காவல் அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் எழுந்து நின்று, மிகவும் பணிவாகச் சொன்னாள்.

“வழுக்கி விழுந்துட்டாக சார்.”

“ஏழு எடத்துல அடி பட்டிருக்கும்மா.”

“நான் போன வருசம் ஒம்பது எடத்துல பட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன் சார். வழுக்கி விழுந்தேன்னேன். எல்லாரும் நம்புனாக.”

வாய்க்கால் பாதையில் நின்ற இருவரையும் அதிகாரி வரவழைத்திருந்தார். உள்ளே அவன் அடித்ததையும் பார்த்தார்களா என்று கேட்டார். அதையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று புரிந்ததும் அவன் புகாரைத் திரும்பப் பெற்றான். என்னிடமும் கேட்டார்கள். இருட்டாக இருந்தது, எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டில் அப்போது எரிந்த விளக்குக்கான படிவத்தில் கையெழுத்திட்டவள் நான். தெரிந்தே எழுதிய அந்தப் பொய்யை இன்றுவரை நியாயப்படுத்தவும் முடியவில்லை, வருந்தவும் முடியவில்லை.

சோலார் அவள் பெயரில் இருந்தது. மறுவாரம் அக்கா கூரையில் ஏறிப் பேனல், பேட்டரி, கூண்டு விளக்கு எல்லாவற்றையும் கழற்றி மினி லாரியில் ஏற்றினார். ராயப்பன்பட்டியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அவளும் பிள்ளையும் அவற்றோடு போனார்கள். அவன் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்துடன் முடித்திருந்தால் அக்காவை ஒரு வீராங்கனையாக உங்கள் முன் நிறுத்தியிருப்பேன்.

ஊருக்கெல்லாம் போட்டவர் தம் வீட்டுக்குப் போடவில்லை. நான் விடாமல் சொன்னதால் ஆவணியில் ஒருநாள் ஒப்புக்கொண்டார். வீட்டில் அவரும் பத்தாவது படிக்கும் மகளும் மட்டும். அந்தப் பெண் அதிகம் பேசமாட்டாள். அம்மாவைப்போல் இல்லை, நல்ல அடக்கம் என்று நினைத்திருந்தேன். அன்று அவள் தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் தாளோடு நின்றேன். வழக்கம்போல் அக்கா எதுவும் சொல்லாமல் போய் மெயினை இறக்கினார்.

மகளின் கையிலிருந்து பேனா விழுந்தது. எழுந்தாள். ஒரு கை பின்கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. சுவரோடு ஒருக்களித்து, ஒரு காதை மறைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

இருவரும் பார்த்தோம். அக்காவின் கை மெயின் மேலேயே இருந்தது. ஏற்றவில்லை. வெளியே தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். என் மணிக்கட்டில் பழைய வலி வந்ததைப்போல் இருந்தது.

“எழுது” என்றார் அக்கா.

“என்ன எழுத?”

“பின்வாசல்ல ஒரு லைட்டு. சுவிட்ச் வேணாம்.”

எழுதினேன். பிறகு மெயினை ஏற்றினார். மகளின் பக்கம் திரும்பாமலே பேசினார். “எம்.சி.பி.ய இவ கைக்கு எட்டுற மாதிரி வைக்கிறேன். எம்மே, இந்த வீட்ட உன் போன்ல ஏத்திக்க. என் போன்ல வேணாம்.”

“அக்கா...”

“என்னைய எனக்குத் தெரியும்டி.”

அக்காவின் வீட்டு எண் என் போனில் நான்கு மாதம் ஓடியது. நான் உத்தமபாளையத்தில் குடியிருந்தேன். சமைக்கும்போதும், கூட்டங்களிலும், அறிக்கை எழுதும்போதும் அதைப் பார்ப்பேன். நாற்பது. அறுபத்தைந்து. மிக்ஸி ஓடினால் ஐந்நூறு. ஒரு சனிக்கிழமை மாலை பூஜ்யமானது.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. அக்காவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மகள் எம்.சி.பி.யின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அவள் உடம்பில் காயம் இல்லை. எதிர்ச்சுவரோரம் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“அடிக்கல,” என்றாள் மகள். “ஓங்குனாக. ஓங்குனதும் எறக்கிட்டேன்.”

அக்கா, ஒரு வீட்டு வேலையை முடித்துச் சோதித்துப் பார்க்கும் குரலில் மகளிடம் கேட்டார்.

“எத்தன நிமிசம் ஆச்சு?”

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இருவத்தி மூணு.”

“அவ வீட்டுக்கு நான் பன்னெண்டுல போனேன்,” என்றார் அக்கா என்னைப் பார்த்து. கண்கள் நனைந்திருந்தன. கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. “இருவத்தி மூணு ரொம்பக் கூட எம்மே.”

மகள் எம்.சி.பி.யை மேலே தள்ளினாள்.

அடுத்த மாதமே உத்தமபாளையத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்னமனூரில் வேறொரு வீட்டுக்குக் குடிவந்தேன். தண்ணீர் வராத மாடி வீடு, அலுவலகமும் தூரம். ஏன் இதைப் பிடித்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அதன் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டுப் பின்வாசல் விளக்கு தெரியும். நடந்தே போனால் நான்கு நிமிடம். ஓடிப் பார்த்திருக்கிறேன், இரண்டுதான்.